தங்கம் எதற்குப் படித்தாள்? குடும்ப விளக்கும் காலனித்துவக் கல்வியும்: ஒரு மறுவாசிப்பு



பாரதிதாசனின் பெண்கல்விச் சிந்தனை பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். படிக்காத பெண்ணைக் களர்நிலத்துக்கும், படித்த பெண்ணை நல்ல விளைச்சல் தரும் வயலுக்கும் கவிஞர் ஒப்பிட்டார். எனவே பெண் படித்தால் வீடு செழிக்கும், பிள்ளைகள் அறிவாளிகளாக வளர்வார்கள். இதோடு விடை முடிந்துவிடும். தப்பான விடை இல்லை, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த விடையை எழுதும் மாணவி யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்க. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப்போகும் பெண் அவள். அவளுடைய படிப்பின் பலன் அவளுக்கு என்ன என்று அந்த விடையில் ஒரு வரிகூட இல்லை. வீட்டுக்குப் பலன், கணவனுக்குப் பலன், பிள்ளைக்குப் பலன். அவளுக்கு?

இந்தக் கேள்வியோடுதான் 'குடும்ப விளக்கை' இங்கே வாசிக்கப் போகிறோம். பாரதிதாசனைக் குறை சொல்வது நோக்கம் இல்லை. 'பெண் எதற்குப் படிக்க வேண்டும்' என்பதற்கு நாம் மனப்பாடமாகச் சொல்லும் பதில் எங்கிருந்து வந்தது, அது கவிதையில் எவ்வளவு இருக்கிறது, நாம் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம்.

கதவு திறந்தது, ஆனால் எதற்காக?

'வெள்ளைக்காரன் வந்துதான் நம்ம பெண்களைப் படிக்க வைத்தான்' என்று சிலர் சொல்வார்கள். 'வெள்ளைக்காரன் வந்துதான் கெடுத்தான், அதற்கு முன்பு எல்லாம் ஔவையார்தான்' என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் சொன்னார். திண்ணைப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு என்பது அதில் தெரிந்தது. ஆகவே பெண்ணைப் படிப்பிலிருந்து தள்ளி வைத்த பழியை முழுக்க ஆங்கிலேயர் மேல் போட முடியாது.

ஆங்கிலேயர் வேறொன்றைச் செய்தார்கள். பெண்ணுக்குக் கதவைத் திறந்தார்கள். திறக்கும்போதே உள்ளே வருகிறவள் எந்த அறையில் உட்கார வேண்டும் என்பதையும் குறித்துவிட்டார்கள். 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை பெண்கல்விக்கு ஆதரவு தெரிவித்தது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவோ பெண்களுக்கான பாடத்திட்டம் ஆண்களுக்கானதைவிட எளிமையாக, இல்லற வாழ்க்கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெண்ணுக்குத் தனிப் படிப்பு என்ற எண்ணம் இப்படி அரசாங்கத் தாளில் ஏறியது.

மருத்துவக் கல்வியைப் பாருங்க. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலப் பெண்மணி. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர ஒப்புக்கொண்டது 1878இல்தான். கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தந்தது 1948இல். அதாவது, நமக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்க வந்ததாகச் சொன்ன நாட்டின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று, இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகுதான் தன் சொந்தப் பெண்களுக்கே பட்டம் தந்தது!

அப்படியென்றால் சென்னையில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்? ஆண் மருத்துவரிடம் போக மறுக்கும் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்பதே அப்போது முன்வைக்கப்பட்ட முக்கியமான காரணம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் வேண்டும் என்பதும் அதே மாதிரிதான். மருத்துவம், ஆசிரியம் ஆகிய இரண்டு வாசல்களும் பெண்ணுக்கு முதலில் திறந்ததற்கு அவளுடைய ஆர்வம் காரணமாகக் காட்டப்படவில்லை. அவளால் பிறருக்கு என்ன பயன் என்பதே காட்டப்பட்டது. இன்றும் 'பொம்பளப் புள்ளைக்கு ஏத்த படிப்பு' என்று நாம் சொல்லும் பட்டியலில் முதலில் நிற்பவை எவை? அதே இரண்டுதான்.

ஞானாம்பாள் ஏன் ஆண் வேடம் போட்டாள்?

இந்தச் சூழலில் எழுந்ததுதான் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879). எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆங்கிலேயர் ஆட்சியில் முன்சீப்பாக வேலை பார்த்தவர். பெண்கல்வியை வலியுறுத்தி 'பெண்மதி மாலை' எழுதியவரும் அவரே. பெண் படிக்க வேண்டும் என்பதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. அதில் சந்தேகம் வேண்டாம்.

நாவலில் ஞானாம்பாள் பிரதாபனைவிடப் புத்திசாலி. பிரதாபன் சறுக்கும் இடத்தில் எல்லாம் அவள்தான் தாங்கிப் பிடிக்கிறாள். கதையின் உச்சத்தில் விக்கிரமபுரி என்ற நாட்டுக்கே அரசனாகிறாள். அரசியாக அல்ல, அரசனாக! ஆண் உடையில் இருந்ததால்தான் அந்த நாட்டு மக்கள் அவளை ஆணென்று நம்பி முடிசூட்டுகிறார்கள். நீதி வழங்குகிறாள், நிர்வாகத்தைச் சீர்படுத்துகிறாள். பிறகு ஆட்சியை விட்டுவிட்டுக் கணவனோடு வீடு திரும்புகிறாள்.

மாணவர்கள் இதைச் 'சுவையான திருப்பம்' என்று எழுதுவார்கள். சுவைதான், ஆனால் அதையும் தாண்டி ஒரு கேள்வி கேட்கலாம். அவளுக்கு நாட்டை ஆளும் அறிவு இருக்கிறது என்பதை ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். அந்த அறிவைப் பெண் உடையில் பயன்படுத்த அவருடைய கற்பனையிலேயே ஓர் இடம் கிடைக்கவில்லை. 1879இல் ஒரு பெண் முன்சீப் கிடையாது, பெண் வழக்கறிஞர் கிடையாது. அவருக்குத் தெரிந்த நீதிமன்றத்தில் பெண் உட்கார நாற்காலி இல்லை. அதனால் நாவலிலும் வேடம் தேவைப்பட்டது. காலம் எழுத்தாளனின் கற்பனைக்கு எல்லை போட்ட இடம் இது. இப்படி ஓர் இடத்தை எடுத்துக்காட்டுவதுதான் விமர்சனம். வெறும் பாராட்டு விமர்சனம் ஆகாது.

தங்கத்துக்கு இரண்டு குரல்

இனி குடும்ப விளக்குக்கு வருவோம். 1942 தொடங்கி ஐந்து பகுதிகளாக வந்த படைப்பு இது. முதல் பகுதி ஒருநாள் நிகழ்ச்சி. தங்கம் விடியற்காலையில் எழுகிறாள், கோலமிடுகிறாள், யாழ் மீட்டுகிறாள், பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறாள், தைக்கிறாள், மாமன் மாமியைக் கவனிக்கிறாள், கணவனின் கடையிலும் போய் வாணிகம் பார்க்கிறாள். இரவு ஆனதும், இன்று தமிழுக்கு என்ன செய்தோம் என்று கணவனைக் கேட்கிறாள்.

நேர்மையாகச் சொன்னால், இந்தப் பகுதியை வாசிக்கும் எந்தப் பெண் ஆசிரியருக்கும் ஒரு பெருமூச்சு வரும். இத்தனை வேலையையும் சலிக்காமல் ஒருத்தி செய்கிறாள் என்பது புகழ்ச்சியா, வேலைப் பட்டியலா? ஹண்டர் குழு கேட்ட 'இல்லறத்துக்கு ஏற்ற கல்வி' பெற்ற பெண் எப்படி இருப்பாள் என்று யாராவது கேட்டால், தங்கத்தைக் கைகாட்டிவிடலாம் போலத்தான் முதல் பகுதி இருக்கிறது. அவளை நாம் கல்லூரி வாசலில் சந்திப்பதில்லை, வீட்டில்தான் சந்திக்கிறோம்.

ஆனால் இரண்டாம் பகுதியான விருந்தோம்பலில் அதே தங்கம் வாய் திறந்து பேசுகிறாள். நம் மாணவர்கள் எடுத்துக்காட்டும் நிலம், விளைச்சல் உவமை இந்தப் பேச்சில்தான் வருகிறது. அதோடு அவள் நிறுத்திவிடவில்லை. வானூர்தி ஓட்டுவதும் கடலை அளப்பதும் ஆண் பெண் இருவருக்கும் பொது என்கிறாள். ஆண்களின் ஆணையால்தான் பெண்ணின் விடுதலை போனது என்று நேராகவே சொல்கிறாள். சமையலும் வீட்டு வேலையும் பெண்களுக்கே உரியவை என்பது சரியில்லை, அவை தங்களுக்கும் உண்டு என்று ஆண்கள் எண்ணும் நாள் வர வேண்டும் என்கிறாள். அந்த எழுதாச் சட்டத்தை நீக்கவே பெண்கல்வி வேண்டும் என்பது அவள் வாதம்.

கவனிங்க. நிலம் உவமையில் கல்வியின் பயன் பிள்ளைகள். சமையல் பற்றிய பேச்சில் கல்வியின் பயன் விடுதலை. ஒரே பெண், ஒரே பேச்சு, இரண்டு வெவ்வேறு காரணங்கள். முதல் காரணம் வேதநாயகம் பிள்ளை காலத்திலிருந்து வந்த பழைய காரணம், காலனித்துவ அரசுக்கும் பிடித்த காரணம். இரண்டாவது, சுயமரியாதை இயக்கம் கொண்டுவந்த புதிய காரணம். பாரதிதாசன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கேட்கிறவர்கள் பயந்துவிடாமல் இருக்கப் பழைய காரணத்தை முன்னே வைத்தாரா, அல்லது அவருக்கே இரண்டும் தேவைப்பட்டதா என்பது விவாதத்துக்கு உரியது. என் வாசிப்பில் இரண்டுமே உண்மை. ஏனென்றால் அதே பேச்சில் இன்னொரு கருத்தும் வருகிறது: ஒரு கையால் இன்றுள்ள பணிகளை நன்றாகச் செய்துகொண்டு, மறு கையால் விடுதலைக்கான செயலையும் பெண்கள் பார்க்க வேண்டும் என்பது. 1940களில் இது தந்திரமான, தைரியமான யோசனை. அதையே இன்றைக்கும் தீர்வாக வைத்தால், இரண்டு கைக்கும் வேலை கொடுத்துவிட்டு ஓய்வுக்குக் கை இல்லாமல் செய்துவிடுகிறோம்.

நமக்கு வருத்தம் தருவது வேறொன்று. நிலம் உவமை எல்லா விடைத்தாளிலும் இருக்கிறது. வானூர்தியும் சமையலும் பாதி விடைத்தாளில் இல்லை. கவிஞர் இரண்டு குரல் கொடுத்தார். நாம் ஒன்றை மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம்.

அதே ஆண்டுகளில் கிண்டியில்

இலக்கியத்தின் பக்கத்தில் வரலாற்றையும் வைத்துப் பார்ப்போம். தங்கம் கவிதையில் பிறந்த அதே ஆண்டுகளில், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வயதில் கணவனை இழந்தவர். கையில் பெண் குழந்தை. 1940இல் சேர்ந்தார். தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இருவர் அங்கே கட்டடப் பொறியியல் படித்தனர். அந்தக் கல்லூரியின் முதல் பெண் பொறியாளர்கள் இவர்கள் மூவரும்தான். அவர்களுக்குத் தந்த சான்றிதழில் அச்சாகியிருந்தது ஆண்பால் சொல். அதை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெண்ணும் இந்தப் படிப்பை முடிப்பாள் என்று அச்சடித்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. ஒரு காலத்தின் பால் பாகுபாட்டை விளக்க இதைவிடச் சின்ன, தெளிவான சான்று கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்றையும் பாருங்க. லலிதாவின் தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். அதற்கு முன்பு, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பை மீறி முதல் மாணவியாகச் சேர்ந்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912இல் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தந்தை நாராயணசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இருவருடைய அறிவையும் உழைப்பையும் இது கொஞ்சமும் குறைக்காது. ஆனால் கதவு எப்படித் திறந்தது என்பதைக் காட்டுகிறது. உள்ளே ஏற்கெனவே தந்தை நின்றிருந்தால்தான் மகளால் உள்ளே போக முடிந்தது.

அப்படியானால் உள்ளே யாருமே இல்லாத வீட்டுப் பெண்?

நம்ம தோட்டத்துப் பெண்

இந்த இடத்தில்தான் மலாயா நமக்கு முக்கியமாகிறது. பாலோ போன்ற ஊர்களைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் எழுந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜொகூர் இரயில் பாதை 1909இல் முடிந்தது. 1914இல் ஜொகூர் ஆங்கிலேயப் பொது ஆலோசகரை ஏற்றுக்கொண்டது. தோட்டத் தமிழ்ப் பெண் அப்போதே சம்பளத்துக்கு வேலை செய்தவள். 'வேலைக்குப் போகும் பெண்' என்பது நமக்குப் பல்கலைக்கழகம் தந்த புதுமை இல்லை. தங்கத்தின் விடியல் கோலத்தில் தொடங்குகிறது. நம் பாட்டிகளின் விடியல் பெரட்டுக் களத்தில் தொடங்கியது. பிள்ளை ஆயாக் கொட்டகையில், தாய் மரத்தடியில்.

ஆனால் கூலி? 1920களின் இறுதியில் மலாயாவில் தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி, முக்கியமான பகுதிகளில், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குதான் பெண்ணின் உழைப்பு என்று அரசாங்கமே விலை போட்டது.

பள்ளி? கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அது தொடக்கப் பள்ளியோடு நின்றது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ பாடம் நடத்தினார்கள். அடுத்த படிக்கு ஆங்கிலப் பள்ளி வேண்டும், அது பட்டணத்தில் இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் பள்ளியை விட்டு முதலில் நின்றது மூத்த பெண். 1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியது, 1928இல் ராபிள்ஸ் கல்லூரி வந்தது, 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. லயத்து வீட்டுப் பெண்ணுக்கு இவை எல்லாம் காதில் விழுந்த பெயர்கள், அவ்வளவுதான்.

இது தமிழருக்கு மட்டும் நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். மலாய் ஆண் ஆசிரியர்களுக்கு 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மலாய்ப் பெண் ஆசிரியர்களுக்கு மலாக்காவில் பயிற்சிக் கல்லூரி வந்தது 1935இல். பதின்மூன்று ஆண்டு இடைவெளி. அந்தப் பெண்கள் கல்லூரியிலும் வீட்டு நிர்வாகக் கலைகளுக்கு முக்கிய இடம். இனம் வேறாக இருந்தாலும் காலனித்துவக் கல்வி பெண்ணுக்கு வைத்திருந்த அளவுகோல் ஒன்றுதான்.

ஆகவே குடும்ப விளக்கை மலேசிய வகுப்பறையில் நடத்தும்போது ஒரு வித்தியாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 'படித்தவள் வீட்டை நடத்துவாள்' என்பது நடுத்தர வர்க்கத்து வீட்டை நினைத்து எழுதப்பட்ட இலட்சியம். தோட்டத்துப் பெண்ணுக்கு வீட்டை நடத்த யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவளுக்குக் கிடைக்காமல் போனது மேற்படிப்பும் சம கூலியும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் தங்கத்தை நம் பாட்டிகளுக்கு முன்மாதிரியாகக் காட்டினால், பாட்டி செய்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இன்று மாறியதும் மாறாததும்

இன்று நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களைவிட மாணவியரே அதிகம். படிவம் ஆறு வகுப்புக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். 'அப்புறம் என்ன பிரச்சினை?' என்று சிலர் கேட்கிறார்கள்.

வாசலில் நின்ற காவல் போய்விட்டது. உள்ளே அறைகள் இன்னும் பிரிந்துதான் கிடக்கின்றன. நல்ல தேர்ச்சி பெற்ற மாணவி இயந்திரப் பொறியியல் என்றால், 'அது ஆம்பளைங்க படிப்பும்மா, டீச்சர் வேலைன்னா மத்தியானம் வீட்டுக்கு வந்துரலாம்' என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஹண்டர் குழுவின் பரிந்துரை உயிரோடு இருக்கிறது. ஆசிரியத் தொழிலை விரும்பி எடுத்தவர்கள் நாம். அதனால்தான் சொல்கிறேன்: சீக்கிரம் வீட்டுக்கு வந்து சமைக்கலாம் என்பதற்காக ஒருத்தியை இதில் தள்ளுவது தொழிலுக்கும் மரியாதை இல்லை, அவளுக்கும் மரியாதை இல்லை.

பையன்கள் பக்கமும் இதே கதையின் மறுபாதி. ஐந்தாம் படிவம் முடிந்ததும் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போக வேண்டும். 'ஆம்பள சம்பாதிக்கணும், படிப்பெல்லாம் பொம்பளைங்களுக்கு' என்ற பேச்சு இன்று கேட்கிறது. தலைகீழாகத் தெரிந்தாலும் பழைய சட்டம்தான் இது. யார் எதற்குப் பயன்படுவார் என்பதைப் பாலை வைத்து முடிவு செய்கிற பழக்கம் மாறவில்லை.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

மாணவர்களே, இப்படி ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது மூன்று படியாக யோசிங்க.

முதலில், படைப்பில் பெண்கல்விக்கு என்ன காரணம் சொல்லப்படுகிறது? ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருந்தால் இரண்டையும் எழுதுங்க. நிலம் உவமையை எழுதினால் வானூர்தியையும் சமையலையும் சேர்த்து எழுதுங்க. அப்போதுதான் பாரதிதாசனை முழுசாக எழுதியதாக ஆகும்.

இரண்டாவது, அந்தக் காரணம் எந்தக் காலச் சூழலில் பிறந்தது? ஆண்டு ஒன்று, நிகழ்வு ஒன்று போதும். 1882 பரிந்துரையோ கிண்டிச் சான்றிதழோ ஒரு வரியில் வந்தால் விடைக்கு எடை கூடும். ஆனால் வரலாற்றைக் கொட்டி இலக்கியத்தை மறந்துவிடாதீங்க.

மூன்றாவது, அது நம் சூழலுக்குப் பொருந்துகிறதா? எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை? இங்கே உங்கள் கருத்தைத் துணிந்து எழுதலாம். 'என் கருத்தில்' என்று தொடங்கினால் போதாது, படைப்பிலிருந்து ஒரு சான்றைக் காட்ட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி: தங்கத்தின் ஒருநாள் வேலையை மாணவர்களைக் கொண்டு நேரப்படி பட்டியலிடச் சொல்லுங்கள். பக்கத்தில், தோட்டத்தில் வாழ்ந்த தம் பாட்டியிடமோ அக்கம்பக்கத்து மூதாட்டியிடமோ கேட்டு, அவர்களுடைய ஒருநாளை எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது நிரலில், பத்து ஆண்டுக்குப் பிறகு தங்கள் ஒருநாள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதட்டும். பையன்களும் எழுதட்டும், அவர்கள் பட்டியலில் சமையல் வருகிறதா என்று பாருங்கள். மூன்று நிரலையும் வைத்து நடக்கும் கலந்துரையாடலே நல்ல விமர்சனக் கட்டுரைக்கு முன்வரைவு ஆகிவிடும்.

தங்கம் எதற்குப் படித்தாள் என்ற கேள்விக்குக் கவிதை இரண்டு பதில் தருகிறது. நம் மாணவி மூன்றாவதாக ஒன்று எழுதலாம்: 'எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.' அந்த விடைக்கும் முழுப் புள்ளி கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும்.